கை நனைக்காத சம்பந்தி

வேண்டாம் தம்பி, நீங்க சாப்பிடுங்க. எலுமிச்சஞ்சோறு வாசனையிலேயே தெரியுது, நல்ல கை போட்ட தாளிப்பு. கடலப்பருப்பு கருகல. அம்மா கட்டிக் குடுத்தாங்களா? குடுத்து வச்சவரு. சாப்பிடுங்க. என்கிட்ட மட்டும் "வாங்க, உக்காந்து ரெண்டு வாய் சாப்பிடுங்க"ன்னு சொல்லாதீங்க. அந்த ஒரு விசயத்தாலதான் எம் மக கல்யாணம் நின்னுபோகப் பாக்குது.

சிரிக்காதீங்க. சரி, சிரிங்க. நானே சிரிக்கேன், நீங்க சிரிச்சா என்ன.

திருநவேலி ரயிலுக்குத்தான இருக்கீங்க? அது வாரதுக்கு இன்னும் நேரம் கெடக்கு. நானும் அதுக்குத்தான். காலைல அங்கேருந்துதான் வந்தேன். இந்தத் தென்காசியில எறங்கி வாசல் வரைக்கும் போனேன். சரியான வெயிலு. கால்வலி வேற. அப்படியே டிக்கெட் குடுக்கிற எடத்துல திரும்பிப் போறதுக்கு ஒரு சீட்ட வாங்கிக்கிட்டு இங்கன வந்து உக்காந்துட்டேன். சம்பந்தி வீடு என்னமோ பக்கந்தான், ரயில்வே கேட்டத் தாண்டி ரெண்டாவது தெரு. இந்நேரம் இலை போட்டிருப்பாங்க. போடட்டும்.

என் பேரு ஆவுடையப்பன். பாளையங்கோட்டையில சமையல் காண்ட்ராக்ட். கல்யாணம், சடங்கு, வளைகாப்பு, பதினாறாம் நாள், எதுவானாலும் ஆவுடை அண்ணாச்சி இலைன்னா ஒரு பேரு உண்டு. மறுவீட்டு விருந்துக்குத் தேங்காப்பால்ல வைக்கிற சொதிக்கு என்னைய விட்டா ஆளு கிடையாது. இத நானே சொல்லக்கூடாது, நான் சொல்லாட்டா வேற யாரு சொல்லுவா. ஆயிரம் பேர உக்காத்தி வச்சுச் சோறு போட்டவன். ஆனா நான் உக்காந்து தின்னது கிடையாது. அண்டா பக்கத்துல நின்னுக்கிட்டு ஒரு தட்டுல எல்லாத்தையும் பிசைஞ்சு நாலு வாயில முடிச்சுருவேன். வீட்டுலயும் அப்படித்தான், அடுப்பு மேடைப் பக்கத்துல நின்னுக்கிட்டே. உக்காந்து தின்னா குன்னும் கரையும்னு பெரியவங்க சொல்லிருக்காங்கல்லா? நான் நின்னே தின்னவன், எங்கிட்ட ஒரு குன்னு கரையாம இருக்கணுமே. வாடகை வீட்டுலதான் இருக்கேன்.

இதுல யாருக்கு என்ன நட்டம்னு கேக்கேன். இவ்வளவு காலமும் ஒருத்தரும் கேக்கல. மகளுக்கு மாப்பிள்ளை பாத்த பெறகுதான் வந்துச்சு வினை.

மக பேரு சங்கரி. பாங்குல வேல. கூட வேல பாக்குத பையன் இளங்கோ. ரெண்டு பேருக்கும் பிடிச்சுப்போச்சு, எங்களுக்கும் குறை சொல்ல ஒண்ணுமில்ல. பையனோட அப்பா சிதம்பரநாதன் வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவரு. நல்ல மனுசன், ஆனா முறைன்னா முறை. எங்க பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும்லா? சம்பந்தம் முடிவாகாம பொண்ணு வீட்டுக்காரங்க மாப்பிள்ளை வீட்டுல தண்ணி தவிர எதையும் தொடமாட்டோம். முடிவாயிட்டுன்னா ஒரு நாள் போய் இலை போட்டுச் சாப்பிடணும். கை நனைக்கதுன்னு பேரு. பொண்ணப் பெத்தவன் அந்த வீட்டுல கை நனைச்சுட்டான்னா வாக்குக் குடுத்தாச்சு, அதுக்கு மேல பேச்சு கிடையாது.

போனோம். நான், எம் பொஞ்சாதி வடிவு, அவ அண்ணன், சங்கரி. கூடத்துல வரிசையா இலை போட்டாங்க. வாத்தியாரு தனக்குப் பக்கத்து இலையத் தட்டி, "வாங்க சம்பந்தி, உக்காருங்க"ன்னாரு. எனக்கு என்ன ஆச்சோ தெரியல தம்பி. முட்டி மடங்க மாட்டேங்குது. எல்லாரும் உக்காந்துட்டாங்க, நான் மட்டும் கொடிக்கம்பம் மாதிரி நிக்கேன். உள்ளேருந்து சாம்பார் வாளி வந்துச்சு. கண்ணுல பட்டுச்சா, போச்சு. "குடுங்க, குடுங்க, நான் பரிமாறுதேன்"னு வாங்கிட்டேன்.

பரிமாறினேன் தம்பி! அவரு வீட்டுல, அவருக்கே, அவரு வீட்டுச் சோத்த. அவியல் எடுத்துட்டு வந்தேன். அப்பளம் பத்தாதுன்னு அவங்க அடுப்பங்கரைக்குள்ள போய் நானே பொரிச்சேன். ரசத்துல உப்பு கம்மின்னு ஒரு கல்லு உப்பு போட்டேன். மாப்பிள்ளையோட அம்மா என்னையப் பாத்த பார்வை இருக்கே! கடைசில, "நீங்க?"ன்னாங்க. "உள்ள நின்னு ரெண்டு வாய் போட்டுக்கிட்டேன்"ன்னேன். பச்சப்பொய். அந்தம்மா அடுப்பங்கரையிலதான நின்னாங்க, அவங்களுக்குத் தெரியாதா?

பெறகு என்ன. ஊரு போய்ச் சேருததுக்குள்ள பேச்சு கிளம்பிட்டு. பொண்ணோட அப்பா கை நனைக்கல, மனசுல என்னமோ வச்சிருக்காரு, எங்க சோறு அவருக்குக் கொறச்சலாப் போச்சு போலன்னு. வாத்தியாரு எம் மச்சானுக்கு, அதான் வடிவு அண்ணனுக்கு, போன் போட்டு, "சம்மதமில்லன்னா வாயத் திறந்து சொல்லலாம்லா? வாளியத் தூக்கியா காட்டணும்?"னு கேட்டிருக்காரு. மச்சான் கெஞ்சிக் கூத்தாடி, ஆவணி பொறந்த பெறகு இன்னொரு தடவ இலை போடச் சம்மதிக்க வச்சாரு. அன்னைக்கும் சம்பந்தி நின்னாருன்னா நாங்க புரிஞ்சுக்கிடுவோம்னு கண்டிசனாச் சொல்லிட்டாங்க.

சங்கரி அழுதுட்டா. "அப்பா, ஊருக்கெல்லாம் இலை போடுதீங்க, என்கூட என்னைக்காவது உக்காந்து சாப்பிட்டிருக்கீங்களா?"ன்னு கேக்கா. நான் விடுவனா? "உனக்கு நிலாச்சோறு ஊட்டினது யாரு?"ன்னேன். "நின்னுக்கிட்டுத்தான ஊட்டினீங்க"ன்னா. ஆமா, நின்னுக்கிட்டுத்தான் ஊட்டினேன்.

அவதான் கிரேஸ்லின்னு ஒரு மேடம்கிட்ட கூட்டிட்டுப் போனா. பாளையங்கோட்டையில ஒரு மருந்துக்கடைக்கு மேல மாடி. மனசுக்கு வைத்தியம் பாக்கவங்க, ஆனா ஊசி மாத்திர கிடையாது, பேச்சுதான். நான் மொதல்ல மாட்டவே மாட்டேன்னேன். எனக்கு என்ன கோட்டியா பிடிச்சிருக்கு? முட்டி மடங்கலன்னா எலும்பு டாக்டர்கிட்ட போகணும். பெறகு மக மொகத்தப் பாத்துட்டு, சவத்த ஒரு தடவ போய்ட்டு வருவோம்னு போனேன்.

சின்ன ரூம்பு. எதிரும் புதிரும் ரெண்டு நாற்காலி. நடுவுல மேசையில ஒரு டப்பா நிறைய கண்ணு துடைக்கிற காகிதம். எனக்கு அது பிடிச்சிருந்துச்சு. பந்தி வைக்கதுக்கு முந்தி நம்ம இலை, தண்ணி எல்லாம் தயாரா வைப்போம்லா, அந்த மாதிரி இவங்க அழுகைக்கு ஏற்பாடு பண்ணி வச்சிருக்காங்க. "என்னால உங்களுக்குக் காகிதச் செலவு இருக்காது மேடம்"ன்னு மொதல்லயே சொல்லிட்டேன். அந்தப் பிள்ளை சிரிச்சுச்சு. சின்னப் பிள்ளைதான், எம் மகள விட நாலஞ்சு வயசு கூட இருக்கும்.

முட்டியப் பத்திக் கேக்கும்னு பாத்தா, "சின்ன வயசுல உங்களுக்கு யாரு சோறு போடுவாங்க அண்ணாச்சி?"ன்னு கேட்டுச்சு. "எனக்கு எதுக்கு ஆளு? நானே எடுத்துப் போட்டுக்கிடுவேன். அப்பவே கெட்டிக்காரன்"னேன்.

நெசந்தான் தம்பி. எங்க அம்மாவுக்கு நான் பொறந்த பெறகு உடம்பு சரியில்ல. உடம்புன்னா உடம்பு இல்ல. படுத்தே இருப்பா, செவரப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிட்டு. கூப்பிட்டா திரும்ப மாட்டா. பாவம், அவ என்ன செய்வா? அப்பா லாரியில போயிருவாரு. அதனால என்னையப் பெரியம்மா வீட்டுல விட்டுட்டாங்க. அவங்களுக்கே பிள்ளைங்க வரிசையா இருந்துச்சு. ஆனா என்னைய நல்லா வச்சிருந்தாங்க, ஒரு குறை சொல்லப்படாது. ஒரு நாள் ஒரு அடி அடிச்சது கிடையாது. அடிக்கணும்னா நம்மளப் பாக்கணும்லா?

அங்க எல்லாரும் சாப்பிட்ட பெறகு அடுப்பங்கரை வாசல்ல நின்னு சாப்பிடுவேன். உக்காருன்னு யாரும் சொல்லல, உக்காராதன்னும் யாரும் சொல்லல. நானாத்தான் நின்னேன். நின்னா எடம் அடைக்காது. எதையாவது எடுத்துட்டு வரச் சொன்னா உடனே ஓடலாம். சொல்லப்போனா தொழிலுக்கு அதுதான் பயிற்சி. இல்லன்னா இன்னிக்கு இந்த ஆவுடையப்பன் ஏது?

இதெல்லாம் சொன்னா அந்த மேடம் மொகம் வாடிப்போச்சு. நமக்கு மனசு கேக்கல. சரி, பிள்ளையக் கொஞ்சம் சிரிக்க வைப்போம்னு என்னோட கண்ணாமூச்சிக் கதையச் சொன்னேன். ஆக்குப்புரையில, அதான் சமையல் கொட்டகையில, காய் வெட்டும்போது நான் இந்தக் கதையச் சொன்னேன்னா ஆளுங்க கத்தியக் கீழ போட்டுட்டுச் சிரிப்பாங்க. உங்களுக்கும் சொல்லுதேன்.

பெரியம்மா வீட்டுல பின்பக்கம் ஒரு தண்ணித்தொட்டி. அதுக்கும் செவருக்கும் நடுவுல ஒரு ஆளு நொழையுத சந்து. ஒரு நாள் நான் அதுக்குள்ள போய் ஒளிஞ்சுக்கிட்டேன். வெளையாட்டுல வேற யாரும் கிடையாது, நான் மட்டுந்தான். யாரு வந்து தேடுதா பாப்போம்னு ஒரு ஆசை. காலைல ஒளிஞ்சேன். மத்தியானச் சோத்துக்குத் தட்டு சத்தம் கேக்கு, ஒருத்தரும் கூப்பிடல. சாயங்காலம் ஆச்சு. வெளக்கு வைக்கிற நேரமாச்சு. பசி தாங்கல, நானே வெளிய வந்தேன். பெரியம்மா என்னையப் பாத்தா. பாத்துட்டு என்ன சொன்னா தெரியுமா? "எலே, தீப்பெட்டி தீந்துபோச்சு, கடைக்கு ஓடு!" அவ்வளவுதான்! அப்ப கண்ணாமூச்சியில ஜெயிச்சது யாரு? நான்தான்! இன்னிக்கு வரைக்கும் ஒரு பயலும் என்னையக் கண்டுபிடிக்கல!

என்ன தம்பி, சோத்துல கையவச்சுக்கிட்டு அப்படியே இருக்கீங்க? சிரிக்க வேண்டிய எடம்லா இது. அந்த மேடமும் உங்கள மாதிரிதான். சிரிக்கல. நல்ல கதை, வீணாப் போச்சு. "அவ்வளவு நேரம் அந்தச் சந்துல என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க?"ன்னு கேட்டுச்சு. இந்தக் கதைய எத்தனையோ பேருகிட்ட சொல்லிருக்கேன், இத யாரும் கேட்டதில்ல. "எறும்பு போறதப் பாத்துக்கிட்டு இருந்தேன்"னேன். சொன்னேனா, மூக்கு ஒழுக ஆரம்பிச்சுட்டு. அந்த ரூம்புல ஏசி ஜாஸ்தி. காகிதம் எடுத்தேன். ஒண்ணு எடுத்தா நாலு வருது, அந்த டப்பாவே சரியில்ல.

அப்புறம் அந்தப் பிள்ளை ஒண்ணு சொல்லுச்சு. கொழந்தைக்குச் சோறு மட்டும் பத்தாது அண்ணாச்சி, அழுதா வந்து பாக்க ஒரு ஆளு வேணும், காணாட்டாத் தேட ஒரு ஆளு வேணும். அது கிடைக்காட்டா, எனக்கு யாரும் வேண்டாம்னு கொழந்தை பழகிக்கிடும். ரொம்பக் கெட்டிக்காரப் பிள்ளையா ஆயிரும். ஆனா பயம் உள்ள இருக்கும், உக்காந்தா எடம் அடைக்குமோன்னு. வயசானாலும் இத மாத்தலாம், ஒரு ஆளு மேல நம்பிக்கை வந்தா மாறும். மொதல்ல இந்த ரூம்புல பழகுங்க, அப்புறம் வீட்டுல, அப்புறம் வெளியன்னு. இட்லி ஊத்தி வேகவச்சு எடுக்க மாதிரி பக்குவமாச் சொல்லுச்சு.

நான் நம்பல. ஆனா வாரா வாரம் போனேன். அந்தப் பிள்ளைக்கும் பேச்சுத்தொணைக்கு ஆளு வேணும்லா? பாவமா இருந்துச்சு. மூணு மணிக்கு வரச் சொன்னா ரெண்டு மணிக்கே போயிருவேன். கீழ மருந்துக்கடைக்காரன், "அண்ணாச்சிக்கு என்ன அவ்வளவு சீக்கிரம்?"னு கேக்கான். வெயிலுக்கு ஒதுங்கினேன்னு சொல்லிருவேன். நல்ல சட்டையாப் பாத்துப் போட்டுக்கிட்டுப் போவேன். மேடம், போன வாரம் நான் சொன்ன எதையாவது ஞாபகம் வச்சுக் கேட்டுச்சுன்னா அன்னைக்குப் பூரா சொதி தனி ருசியா வரும். இதெல்லாம் சொல்லப்படாது, அம்பது தாண்டின ஆளு.

இப்படி இருக்கையில, ஆடி மாசம், அந்தப் பிள்ளை லீவு போட்டுட்டு. அவங்க அக்காவுக்குப் பிரசவமாம். "அடுத்த வாரம் இருக்க மாட்டேன், அதுக்கு அடுத்த வாரம் இதே நேரம் வாங்க"ன்னு முன்கூட்டியே சொல்லத்தான் செஞ்சுச்சு. எனக்கு என்ன கோவம்? ஒரு கோவமும் இல்ல. அக்கா பிரசவம் முக்கியம்லா? நாம யாரு? காசு குடுக்கிற நாள்ல வந்து பேசிட்டுப் போற ஆளு. அந்த வாரம் பூரா ஆக்குப்புரையில யாரப் பாத்தாலும் எரிஞ்சு விழுந்தேன், அது வேற, வெறகு ஈரம்.

அதுக்கு அடுத்த வாரம் நான் போகல. போகலன்னா, எதுத்தாப்புல டீக்கடை வரைக்கும் போனேன். அங்க நின்னுக்கிட்டு மாடிப்படியப் பாத்துக்கிட்டே இருக்கேன். மணி மூணு தாண்டிச்சு. பாப்போம், என்ன நடக்குன்னு பாப்போம். டீ ஆறிப்போச்சு. போன் அடிக்கு. "அண்ணாச்சி, நீங்க வரல. நான் இங்க காத்துக்கிட்டு இருக்கேன்"னு அந்தப் பிள்ளை. நான் கெத்தா, "இன்னிக்கு முகூர்த்த நாள் மேடம், கை ஒழியல"ன்னேன். "ஆடி மாசத்துலயா அண்ணாச்சி?"ன்னுச்சு.

நாறிப்போச்சு. எத்தன வருசமா இந்தத் தொழில்ல இருக்கேன், பொய் சொல்லக்கூட ஒரு மாசம் பாத்துச் சொல்லத் தெரியல. டீக்கடைக்காரன் வேற, "அண்ணாச்சி, காசு"ன்னு கத்துதான், அதுவும் போன்ல கேட்டுட்டு. "ரோட்டத் தாண்டி வாங்க. கோவம் இருந்தா கோவத்தோடயே வாங்க. அதுக்காக நான் எந்திச்சுப் போயிர மாட்டேன்"னு சொல்லுச்சு. போனேன். வேற என்ன செய்ய? மாடிப்படியில ஏறும்போது உள்ள என்னமோ ஒரு சந்தோசம் தம்பி, பொய் சொல்ல மாட்டேன். ஒரு ஆளு நாம வரலன்னு கவனிச்சுக் கூப்பிட்டிருக்கே. என் ஆயுசுல மொத தடவ.

அதத்தான் மேடம்கிட்டயும் சொன்னேன். "எங்க போனேன்னு என்னையத் தேடின மொத ஆளு நீங்கதான்"ன்னேன். "வேற யாருமே தேடினதில்லையா?"ன்னு கேட்டுச்சு. "யாருமே இல்ல"ன்னேன். அப்பப் பாத்து சட்டைப்பையில போன் நடுங்குது. எடுத்துப் பாத்தா வடிவு. எப்பப் பாரு, சாப்பிட்டீங்களா, எங்க இருக்கீங்கன்னு. அமத்தி உள்ள வச்சுட்டேன். மேடம் அந்தப் போனப் பாத்துச்சு, என் மொகத்தப் பாத்துச்சு. ஏன் அப்படிப் பாத்துச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்கு வெளங்கல.

வடிவா? அவளுக்கு அது ஒரு வியாதி தம்பி. கல்யாணம் ஆனதுலருந்து இதே கதைதான். நான் மண்டபத்துலருந்து எந்நேரம் வந்தாலும் தின்னாம உக்காந்திருப்பா. எத்தனையோ தடவ திட்டிருக்கேன், "ஏட்டி, ஊருக்கே ஆக்கிப் போட்டுட்டு வாரவன் பட்டினியாவா வருவேன்? நீ தின்னுட்டுப் படுக்க வேண்டியதுதான"ன்னு. கேக்க மாட்டா. ஒரு தடவ செங்கோட்டையில ஒரு கல்யாணம், போன் கெட்டுப்போச்சு. மறுநாள் காலைல மண்டப வாசல்ல வந்து நிக்கா! பஸ் பிடிச்சு வந்திருக்கா. ஆளுங்க முன்னால எனக்கு மானமே போச்சு. சிவன் கோயில் தெருவுல ஒரு டீக்கடையில நான் இருந்தா, அங்க ஆளு வரும். மார்க்கெட்டுல இருந்தா அங்க வரும். சிஐடி வேலைக்குப் போயிருக்கலாம் அவ.

மேடம் வீட்டுப்பாடம் குடுத்துச்சு, வீட்டுல அவகூட உக்காந்து சாப்பிட்டுப் பழகணும்னு. ரெண்டு இலை போட்டா. உக்காந்தேன். கஷ்டப்பட்டு மடக்கினேன், சம்மணம் போட்டுட்டேன். ரெண்டு வாய்தான் உள்ள போச்சு. உப்பு எடுத்துட்டு வாரேன்னு எந்திச்சேன். உப்பு இலையிலதான் இருக்கு. வந்து உக்காந்தேன். அடுப்பு அணைச்சாச்சான்னு பாக்க எந்திச்சேன். குழாய் ஒழுகுதோன்னு எந்திச்சேன். ஒவ்வொரு தடவ நான் எந்திக்கும்போதும் அவளும் சோத்துக்கையோட எந்திச்சு நிக்கா. "நீ ஏட்டி எந்திக்க?"ன்னு கத்தினேன். "நீங்க நின்னா எனக்குச் சோறு எறங்காது"ன்னா. பாத்துக்கிடுங்க, இந்த மாதிரி ஆளு பக்கத்துல இருந்தா எனக்கு எப்படி வைத்தியம் பலிக்கும்?

ஆனா பழகிட்டேன், ஓரளவு. போன வாரம் மோர் ஊத்துத வரைக்கும் உக்காந்துட்டேன். அவ கண்ணத் துடைச்சுக்கிட்டா. வெங்காயம் வெட்டின கையின்னு நெனைக்கேன்.

இன்னிக்குத்தான் ரெண்டாவது இலை. வடிவு, சங்கரி, மச்சான் எல்லாரும் கார்ல முன்னாடியே வந்துட்டாங்க. மண்டபத்துல பாத்திரம் எறக்கணும், நான் ரயில்ல வாரேன்னேன். பாத்திரம் எல்லாம் எறக்கல, அதுக்கு ஆளு இருக்கு. ரயில்ல ஏறும்போது நல்லாத்தான் இருந்தேன். பாவூர்சத்திரம் தாண்டும்போது முட்டி பிடிச்சுக்கிட்டு. அங்க கூடம் நிறைய ஆளு இருக்கும். எல்லாரும் என் இலையத்தான் பாப்பாங்க, இவன் உக்காருதானா நிக்கானான்னு. உக்காந்து எந்திச்சுட்டேன்னா? மறுபடியும் வாளியத் தூக்கிட்டேன்னா? எம் மக வாழ்க்கை என் முட்டியில நிக்குது தம்பி. பயமா இருக்கு. போகாம இருந்தா, வழியில உடம்பு சரியில்லன்னாவது சொல்லிக்கிடலாம்லா?

போன் எங்கன்னா கேக்கீங்க? நான்தான் அமத்தி வச்சிருக்கேன். சார்ஜ் மிச்சம் பிடிக்கேன். அங்க யாரும் தேட மாட்டாங்க, அவ்வளவு கூட்டத்துல நான் ஒரு ஆளு இல்லன்னா என்ன தெரியப்போகுது? பந்தி நடக்கும். நீங்க சாப்பிடுங்க, காயுது பாருங்க சோறு.

அந்தா, அந்தப் பாலத்துல பச்சைச் சேலை கட்டி ஒரு பொம்பள எறங்குதாளே, அது யாரு? கண்ணாடி போடாம எனக்குத் தெரியல. அட, வடிவு மாதிரில்லா இருக்கு. வடிவுதான்! ஒத்தையில வாரா. காலப் பாருங்க, வேற யாரு செருப்பையோ மாட்டிக்கிட்டு வந்திருக்கா, காலு உள்ள ஆடுது. பட்டுச்சேலையக் கட்டிக்கிட்டு இந்த வெயில்ல! இவளுக்கு யாரு சொன்னா நான் இங்கன இருக்கேன்னு?

தம்பி, கொஞ்சம் இப்படித் தள்ளி இருங்க. நான் இந்தத் தூணுக்குப் பின்னால நின்னுக்கிடுதேன். கேட்டான்னா அப்படி ஒரு ஆளப் பாக்கலன்னு சொல்லிருங்க. திங்கிற வாயோட பொய் சொல்லச் சொல்லுதேன், மன்னிச்சுக்கிடுங்க.

வாராளா? ஒவ்வொரு பெஞ்சாப் பாக்காளா? பாப்பா, அவ பாக்காம விடமாட்டா. டீ விக்கவன்கிட்ட வேற கேக்கா. கையால உயரம் காட்டுதாளே, என் உயரம் அவ்வளவு கம்மியா? நெத்தியத் தொடைக்கா. இன்னும் தின்னிருக்க மாட்டா, அது எனக்குத் தெரியும். என் இலைக்குப் பக்கத்துல இவ இலை காஞ்சுக்கிட்டு கெடக்கும்.

ஏன் அந்தப் பக்கம் போறா? தம்பி, அவ அந்தக் கடைசிக்குப் போறா! அங்க ஒண்ணும் இல்லையே, வெறும் சாக்குமூடைதான. இங்கன ஒரு தூணு இருக்குது தெரியலையா இவளுக்கு? திரும்பிப் பாரு மூதி, திரும்பிப் பாரு. ரயில் வேற கூவுது. அது வந்து கூட்டம் எறங்கி நடுவுல நின்னுட்டுன்னா, ஏறிப் போயிட்டேன்னு நெனைச்சுத் திரும்பிருவாளே.

ஒரு ஒத்தாசை பண்ணுங்க, நீங்க கூப்பிடுங்க அவள. அண்ணின்னு கூப்பிடுங்க. இல்ல, அவளுக்கு உங்களத் தெரியாது, திரும்ப மாட்டா. நான் கூப்பிடக்கூடாது தம்பி, ஒளிஞ்சவனே கூப்பிட்டா ஆட்டம் தோத்துப்போகும்லா? சின்ன வயசுலருந்து கட்டிக் காத்த வெற்றி இது.

போவுது, தோத்தாத் தோத்துட்டுப் போறேன்! இந்தாங்க, இந்தச் சீட்டு எனக்கு வேண்டாம், நீங்க வச்சுக்கிடுங்க.

வடிவு! ஏட்டி வடிவூ! இந்தப் பக்கம் திரும்பு! நான் இங்கன இருக்கேன்!